பிரின்ட் போட்டவரின் கை

1941 நவம்பர் 1, மாலை நேரம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்த புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், சட்டென்று வண்டியைச் சாலையோரம் நிறுத்தினார். கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயில், மேலே நிலா. பெட்டி பெட்டியாகச் சாமான்களைக் கலைத்தும் வெளிச்சம் அளக்கும் மீட்டர் அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரே ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவதற்குத் தயாராவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் இறங்கிவிட்டது.

அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து வாழ்நாள் முழுக்க அவர் போட்ட பிரின்ட்கள் 1,300-ஐத் தாண்டும். அவற்றில் சிலவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே படம் என்று நம்புவது கடினம். ஆரம்பகாலப் பிரின்ட்களில் வானம் சாம்பல் நிறத்தில் இருக்கும், மெல்லிய மேகங்கள் தெரியும். 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் மறுபடி ரசாயனத்தில் இட்டு, மங்கலாக இருந்த நிலப்பகுதிக்கு வலுவேற்றினார். பிறகு ஆண்டுக்கு ஆண்டு வானம் கறுத்துக்கொண்டே வந்தது. 1970-களில் போட்டவற்றில் நிலாவைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழு இருட்டு. 1948-க்குப் பிறகு நெகட்டிவ் மாறவில்லை. அதற்கு முன் நின்ற மனிதருக்கு வயதாகிக்கொண்டிருந்தது, அவர் பார்வை மாறிக்கொண்டிருந்தது.

டார்க்ரூம் உசத்தியா, இன்க்ஜெட் உசத்தியா என்ற சண்டை கால் நூற்றாண்டாக நடக்கிறது. ஒரு பக்கம் 'டார்க்ரூம் காகிதத்தின் வெள்ளிக்கு ஈடு உண்டா' என்பார்கள். மறு பக்கம் அளவுக் கருவியை எடுத்து நீட்டுவார்கள். காகிதத்தையும் கறுப்பின் ஆழத்தையும் ஒப்பிட்டே பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று: பிரின்ட் போடுகிறவர் தன் முடிவுகளை எப்போது எடுக்கிறார்? டார்க்ரூமில் ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக எடுக்க வேண்டும். இன்க்ஜெட்டில் ஒருமுறை எடுத்து ஃபைலில் சேமித்துவிடலாம். மற்ற வித்தியாசங்கள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன என்று நினைக்கிறேன்.

சிவப்பு விளக்கின் கீழே

என்லார்ஜரில் நெகட்டிவைச் செருகி, கீழே பலகையில் புரோமைடு பேப்பரை வைத்து, பன்னிரண்டு விநாடி வெளிச்சம் விட்டால் பிரின்ட் வந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வேலையே அந்தப் பன்னிரண்டு விநாடிக்குள்தான் இருக்கிறது. மாப்பிள்ளையின் முகம் கறுத்துவிடும் என்று தெரிந்தால், கம்பி நுனியில் ஒட்டிய சின்ன அட்டை வட்டத்தை அந்த முகத்தின் மேல் மூன்று விநாடி காட்டி மறைக்க வேண்டும். கம்பியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழுந்துவிடும். பெண்ணின் பட்டுச்சேலை வெளிறிப் போகும் என்றால், நடுவில் ஓட்டை போட்ட அட்டை வழியே அங்கு மட்டும் கூடுதலாக ஐந்து விநாடி. சிலர் அட்டையே எடுப்பதில்லை, இரண்டு கைகளையும் குவித்து விரல்களுக்கு இடையிலேயே ஒளியை வடிகட்டுவார்கள்.

பிறகு டிரேக்கள். டெவலப்பரில் தாளை அமிழ்த்திய சில விநாடிகளில் உருவம் தலைகாட்டும். கறுப்பு சீக்கிரம் வந்துவிட்டதே என்று பாதியில் வெளியே இழுத்தால் சாம்பல் பூத்த பிரின்ட்தான் கிடைக்கும். இரண்டு நிமிடம் பொறுத்தாக வேண்டும். அடுத்தது புளிப்பு நெடி அடிக்கும் அசிட்டிக் அமிலம். அதற்கடுத்து ஹைப்போ. வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் இந்த ரசாயனத்தின் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுசொல்லிவிட்டார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து. கடைசியாகக் கழுவல். பழைய நார்க்காகிதம் என்றால் ஓடும் தண்ணீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஈரமாக இருக்கும்போது பிரின்ட் பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் ஒரு படி மங்கும். எத்தனை மங்கும் என்பது காகிதத்துக்குக் காகிதம் வேறுபடும். ஈரப் பிரின்ட்டைப் பார்க்கும்போதே காய்ந்த பிரின்ட்டை மனசுக்குள் பார்க்கத் தெரிந்தவரே தேர்ந்த ஆள். இந்தக் கைப்பக்குவத்தை யாரும் எழுதிவைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது.

உலகப் புகழ்பெற்ற படங்கள் பலவற்றுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் தன் படங்களைத் தானே பிரின்ட் போடும் பழக்கமில்லாதவர். பாரிஸில் பியேர் காஸ்மான் 1950-ல் தொடங்கிய பிக்தோ என்ற லேப்தான் அவருக்கு. அங்கே பல்லாண்டு டார்க்ரூமில் நின்ற வோயா மித்ரோவிச் அவருக்கும் யோசஃப் கூதெல்காவுக்கும் பிரின்ட் போட்டுக்கொடுத்தவர். நியூயார்க்கில் மேக்னம் புகைப்பட நிறுவனத்துக்குப் பாப்லோ இனிரியோ. மழை நனைத்த டைம்ஸ் சதுக்கத்தில் கோட்டுக்குள் கழுத்தைப் புதைத்து ஜேம்ஸ் டீன் நடந்துவரும் படம் நினைவிருக்கிறதா? டென்னிஸ் ஸ்டாக் 1955-ல் எடுத்தது. அதன் வேலைப் பிரின்ட் ஒன்றின் மேல் இனிரியோ வட்டம் வட்டமாகக் கோடு இழுத்து, எந்த இடத்துக்கு எத்தனை விநாடி கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று எண்கள் எழுதி வைத்திருக்கிறார். ஒரு தெருப் படத்துக்குள் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பதை அந்த ஒரு தாள் காட்டிவிடும்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் இதற்கு ஒரு கிளைத்தொழிலே இருந்தது: டச்சிங். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசியாகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். பெண் பார்க்க அனுப்பும் போட்டோ என்றால் கேட்கவே வேண்டாம். கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் படங்கள் 'பொய் சொல்ல' ஆரம்பித்தன என்று வருத்தப்படுகிறவர்கள் அந்தப் பென்சில் வேலை செய்த நெகட்டிவ் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இன்னும் பின்னால் போகலாம். 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களின் மேல் வண்ணம் தீட்டி வானத்தில் மேகம் சேர்த்தார். அக்காலத்து ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாகவே விழுந்தது. அதைச் சரிக்கட்ட அந்த வேலை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒரே நீளச் சுருளாக ஒட்டியவரும் அவரே. கையால் திருத்துவது புகைப்படத்தோடு கூடவே பிறந்தது.

ராக் பாடகர் வாங்கிய இயந்திரம்

இன்க்ஜெட்டைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஒரு பாடகர். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் குழுவின் கிரஹாம் நாஷ். புகைப்படம் எடுப்பதும் பழைய புகைப்படங்கள் சேகரிப்பதும் அவருக்குப் பித்து. 1980-களின் இறுதியில் கம்ப்யூட்டரில் தன் படங்களைத் திருத்தத் தொடங்கியபோது, திரையில் தெரிவதைக் காகிதத்தில் இறக்க வழியில்லாமல் தவித்தார். அச்சகங்களுக்கு மாதிரித் தாள் எடுத்துக்கொடுக்க ஐரிஸ் என்ற நிறுவனம் ஓர் இன்க்ஜெட் இயந்திரம் செய்துவந்தது. அதை 1,26,000 டாலருக்கு வாங்கினார். தடித்த ஓவியக் காகிதம் அதற்குள் நுழையாது. நாஷின் கூட்டாளி மாக் ஹோல்பர்ட்டும் மற்றவர்களும் இயந்திரத்தின் ஒரு பாகத்தையே அறுத்து எடுத்தார்கள். வாரண்டி அன்றோடு போனது. 1991-ல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் பிறந்தது. அந்த இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் வந்த பிரின்ட்கள் கொள்ளை அழகு. ஆனால் மை வெறும் சாயம். வெளிச்சத்தில் மாட்டினால் சில ஆண்டுகளிலேயே வெளிறியது. 2000-ல் வீட்டு உபயோகத்துக்கு வந்த எப்சன் பிரின்டர் ஒன்றில் போட்ட படங்கள் சிலர் வீட்டில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறத்துக்கு மாறின. காற்றிலுள்ள ஓசோன் அந்தக் காகிதத்தின் நுண்துளைகள் வழியே புகுந்து நீலச்சாயத்தைத் தின்றிருந்தது. வண்ணப்படங்கள் எத்தனை காலம் நிற்கும் என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஹென்றி வில்ஹெல்மின் சோதனைகள்தான் அக்காலத்தில் வாங்குபவர்களுக்கு முக்கிய வழிகாட்டி. இதற்கு மாற்றாக நிலைபெற்றது பிக்மென்ட் மை. சாயம் கரைந்து நிற்கும். பிக்மென்ட் கரையாத நுண்துகள், அதனால் எளிதில் சிதையாது. ஆரம்பத்தில் அதற்கும் ஒரு வியாதி: டியூப்லைட்டில் சரியாக இருக்கும் கறுப்பு-வெள்ளைப் படம் ஜன்னலோரம் கொண்டுபோனால் பச்சையடிக்கும். 2005-ல் கறுப்பு, சாம்பல், இளஞ்சாம்பல் என்று மூன்று கறுப்பு மைகள் ஒரே இயந்திரத்தில் வந்தபோது அந்த வியாதி பெருமளவு தீர்ந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில், வெள்ளிக் காகிதத்தில் வெள்ளிப் படலத்தின் அடியில் இருந்த அதே பரைட்டாப் பூச்சு இன்க்ஜெட் காகிதத்துக்கும் வந்து சேர்ந்தது.

இன்றைக்கு நல்ல பரைட்டாக் காகிதத்தில் போட்ட இன்க்ஜெட் பிரின்ட்டின் கறுப்பை அளந்தால் வெள்ளிப் பிரின்ட்டுக்குச் சமம். சில சமயம் அதைவிட ஆழம். கூர்மையிலும் குறையில்லை. இதை மறுத்துப் பேசுவது வீண்.

வண்ணப்படம் என்று வந்துவிட்டால் எனக்குத் தயக்கமே கிடையாது: இன்க்ஜெட்தான். தமிழ்நாட்டில் எந்த நடுத்தர வீட்டுக்குள் போனாலும் இதற்குச் சாட்சி சுவரிலேயே இருக்கிறது. தாத்தா-பாட்டியின் 1950-களின் கறுப்பு-வெள்ளைப் படம் ஓரத்தில் கொஞ்சம் பழுத்திருக்கும், முகம் அப்படியே இருக்கும். 1980-களின் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் பந்தலும் பட்டும் மனிதர்களும் ஒரே செம்மண் நிறம். வெயில் படாமல் பீரோவுக்குள்ளேயே இருந்த ஆல்பம்தான் அதுவும். அக்கால வண்ணக் காகிதத்தில் நீலச்சாயம் இருட்டிலும் சிதையும்; அது போனதும் மிஞ்சுவது சிவப்பு. டார்க்ரூமை நினைத்து உருகுகிறவர்கள் அந்தச் சிவந்த ஆல்பங்களும் டார்க்ரூமில்தான் பிறந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். கறுப்பு-வெள்ளை நின்றதற்குக் காரணம் அது சாயமே இல்லை, உலோக வெள்ளி.

அந்த வெள்ளியும் தானாக நிற்காது. சரியாகக் கழுவாத பிரின்ட்டில் தங்கிய ஹைப்போ, வெள்ளியைக் கந்தகத்தோடு சேர்த்து மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக்கிவிடும். முகூர்த்த சீசனில் அவசரத்துக்குப் பத்து நிமிடம் அலசித் தொங்கவிட்ட படங்கள் எவை என்று இன்றைக்குப் பார்த்தாலும் தெரியும். உங்கள் தாத்தாவின் முகம் இன்னும் தெளிவாக இருக்கிறதென்றால், அறுபது எழுபது வருடம் முன்பு ஓர் இருட்டறையில் யாரோ ஒருவர் கடைசி அரை மணி நேரத்தைச் சோம்பாமல் தண்ணீரில் நின்று கழித்திருக்கிறார்.

நீதிமன்றம் போன மூன்று சக்கர சைக்கிள்

ஒவ்வொரு தாளிலும் புதிதாக முடிவெடுப்பதற்கும் ஒருமுறை எடுத்துச் சேமிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பணமாக மாறினால் என்ன ஆகும்? புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் கதையைப் பார்க்கலாம். வண்ணப்படம் விளம்பரத்துக்கு மட்டுமே லாயக்கு என்று கலையுலகம் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், சிகாகோ லேப் ஒன்றின் விலைப்பட்டியலில் மிக அதிக விலையுள்ள முறை எது என்று பார்த்தார். டை-டிரான்ஸ்ஃபர். ஒரே படத்தை மூன்று ஜெலட்டின் தகடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சாயத்தில் ஊறவைத்து, மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் பதிக்க வேண்டும். கைவேலையின் உச்சம். அந்தப் பிரின்ட்களோடு 1976-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் நடத்திய கண்காட்சி வண்ணப்படத்தின் தலையெழுத்தையே மாற்றியது. 1990-களின் நடுவில் கோடாக் அந்த முறைக்கான பொருள்களைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது.

2012 மார்ச்சில், அவருடைய முப்பத்தாறு படங்கள் ஆளுயர இன்க்ஜெட் பிரின்ட்களாகக் கிறிஸ்டிஸ் ஏலத்தில் வந்தன. மொத்தம் 59 லட்சம் டாலர். தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்த, வீட்டைவிடப் பெரிதாகத் தெரியும் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் படம் மட்டும் 5,78,500 டாலர். பழைய டை-டிரான்ஸ்ஃபர் பிரின்ட்டை 'எண்ணிக்கை குறைவு' என்று நம்பி வாங்கிவைத்திருந்த ஒரு சேகரிப்பாளர், என் சொத்தின் மதிப்பு போச்சு என்று வழக்குத் தொடுத்தார். 2013-ல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். வேறு அளவு, வேறு முறை. ஆகவே இது வேறு பதிப்பு.

சட்டம் இதில் சரியாகவே பார்த்தது என்பது என் எண்ணம். டை-டிரான்ஸ்ஃபர் பிரின்ட் ஒரு நாளின் வேலை. மறுநாள் அதே ஆள் அதே தகடுகளோடு நின்றாலும் அச்சு அசலாக அதே தாள் வராது. இன்க்ஜெட்டில் இருபதாவது பிரின்ட்டும் முதல் பிரின்ட்டும் ஒன்று. அதுவே அதன் பெருமை. ஒரு படத்துக்காக ஒரு வாரம் உட்கார்ந்து, இந்த மேகத்துக்கு இவ்வளவு, இந்தக் கன்னத்துக்கு இவ்வளவு என்று செதுக்கியதை இழக்காமல் வைத்துக்கொள்ளலாம். டார்க்ரூமில் குனிந்தே முதுகொடிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தேவையில்லை. ஆடம்ஸே 1980-களின் தொடக்கத்தில் மின்னணுப் படம்தான் அடுத்த பாய்ச்சல் என்று ஆவலோடு எழுதினார்.

ஆனால் சேமித்த முடிவு அங்கேயே உறைந்துவிடுகிறது. ஃபைலைத் திறந்து மாற்றுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். ஆடம்ஸின் வானம் முப்பது வருடத்தில் கறுத்ததற்குக் காரணம், ஒவ்வொரு ஆர்டருக்கும் அவர் மறுபடி இருட்டறைக்குள் போய், மறுபடி அந்த நெகட்டிவை எதிர்கொண்டே தீர வேண்டியிருந்தது. கறுப்பு-வெள்ளைக்கு இன்னும் டார்க்ரூம் வேண்டும் என்று நான் வாதிடுவது இதற்காக. வெள்ளியின் 'உயிர்ப்பு', 'ஆன்மா' போன்ற சொற்கள் எனக்கு உதவவில்லை.

புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோ இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டார். 'ஜெனிசிஸ்' படங்களின் நடுவழியில் ஃபிலிமை விட்டு டிஜிட்டல் கேமராவுக்கு மாறினார். ஆனால் டிஜிட்டல் ஃபைலிலிருந்து மறுபடி பெரிய ஃபிலிம் நெகட்டிவ் எடுக்கச் செய்து, அதை என்லார்ஜரில் போட்டு வெள்ளிக் காகிதத்தில் பிரின்ட் போடவைத்தார். வேறு சிலர் இன்க்ஜெட் பிரின்டரிலேயே கண்ணாடித்தாளில் நெகட்டிவ் அடித்து, பிளாட்டினம் பூசிய காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முறைக்கு இருபத்தொன்றாம் நூற்றாண்டு நெகட்டிவ். நம் கல்யாணங்களின் கரிஷ்மா ஆல்பங்கள்கூடப் பல, டிஜிட்டல் ஃபைலை லேசர் ஒளியால் புகைப்படக் காகிதத்தில் எழுதி, டெவலப்பரில் கழுவி எடுத்தவையே. மையில் அச்சான படம் என்று நினைத்துப் புரட்டிக்கொண்டிருப்போம்.

காகிதம் எங்கிருந்து வரும்?

இந்த விவாதத்தைத் தொழிற்சாலைகள் தங்கள் வழியில் முடித்துவைக்கப் பார்த்தன. 2004-ல் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கடனில் மூழ்கியது. அங்கே வேலை பார்த்த மேலாளர்களே வாங்கி ஹார்மன் என்ற பெயரில் காப்பாற்றினார்கள். 2005-ல் ஜெர்மனியின் அக்ஃபா ஃபோட்டோ திவால். அதே ஆண்டு கோடாக் கறுப்பு-வெள்ளைக் காகிதம் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. இன்று மிஞ்சியிருப்பவை ஹார்மன், செக் நாட்டின் ஃபோமா, இன்னும் சில சிறு நிறுவனங்கள்.

நமக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. ஊட்டியின் இந்துநகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் அரசு தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்தது. தூசியில்லாத குளிர்ந்த காற்றும் நல்ல தண்ணீரும் வேண்டும் என்பதால் நீலகிரி. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், புரோமைடு பேப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தன. வெளிநாட்டுச் சரக்குக்கு அந்நியச் செலாவணி இல்லாத காலத்தில் நம் சிற்றூர் ஸ்டுடியோக்களைத் தாங்கிய தூண் அது என்றே சொல்லலாம். முழு இருட்டில் ரசாயனம் பூசும் பிரிவுகள் உட்பட அந்த ஆலையில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள். வண்ணப்படம் ஓங்கி, இறக்குமதி தாராளமாகி, கடைசியில் டிஜிட்டலும் வந்ததும் ஆலை நசிந்து மூடப்பட்டது. ஒரு நாட்டின் டார்க்ரூம் அறிவு ஒரு மலையூரில் குவிந்திருந்து கலைந்துபோனது நாம் போதுமான அளவு பேசாத இழப்பு.

அதோடு சேர்ந்து போனவை ஸ்டுடியோ நெகட்டிவ்கள். கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கண்ணாடியாக விற்றார்கள். ஃபிலிம்களை வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். தப்பியவற்றைத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலக உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களுக்குப் போய் 1880 முதல் 1980 வரையிலான படங்களை ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேன் செய்த நெகட்டிவை இன்க்ஜெட்டில் போடலாம், டார்க்ரூமிலும் போடலாம். சுரண்டிய தகட்டை எதிலும் போட முடியாது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய படத்தைச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்குவதற்கு முன், சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரைக்குப் பக்கத்தில் பென்சிலில் ஓர் எண் இருந்தால் அது பெரும்பாலும் நெகட்டிவ் நம்பர். அந்தக் கடை இன்னும் இருந்தால், வாரிசுகள் அந்தப் பெட்டிகளை வைத்திருந்தால், நெகட்டிவையே கேட்டு வாங்குங்கள். வண்ணப்படம் என்றால் தாமதிக்காமல் ஸ்கேன் செய்து, பிக்மென்ட் மையா என்று லேப்பில் கேட்டு உறுதி செய்துகொண்டு பிரின்ட் போடுங்கள். கறுப்பு-வெள்ளை என்றால், சென்னையிலும் பெங்களூரிலும் சொந்தமாக டார்க்ரூம் வைத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள்; ஒருவரைத் தேடிப் பிடித்து ஒரு பிரின்ட்டாவது வெள்ளியில் போடச் சொல்லுங்கள். எப்படிப் போட்டாலும் கண்ணாடியோடு ஒட்டாமல் நடுவில் மவுன்ட் அட்டை வைத்துச் சட்டமிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது. பின்பக்கத்தில் எடுத்தவர் பெயரோடு, பிரின்ட் போட்டவர் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.